மூன்றாம் ஞாயிற்றுக்கு மறுநாள்

1972 டிசம்பர் 3, ஞாயிறு. ஆகமன காலத்தின் முதல் ஞாயிறு. தஞ்சாவூர் ஆலயத்தில் காலை ஆராதனையில் ஏசாயா நாற்பதாம் அதிகாரத்தின்மேல் பிரசங்கித்தேன். பிற்பகல் மழை.

டிசம்பர் 6, புதன். பாபநாசத்துக்கு அப்பால் உள்ள எனது ஆறு மா நஞ்சையைச் சாகுபடி செய்பவர் வீட்டுக்கு வந்தார். விசாரணை நோட்டீஸைக் காட்டினார். 18ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணி. வருவதாகச் சொன்னேன்.

டிசம்பர் 10. இரண்டாம் ஞாயிறு. லூக்கா மூன்று. யோவான் ஸ்நானன்.

டிசம்பர் 16, சனி. அண்ணன் வந்தார். மாலை ஐந்து முதல் ஏழு வரை இருந்தார்.

டிசம்பர் 17. மூன்றாம் ஞாயிறு. லூக்கா ஒன்று. மரியாளின் பாட்டு.

டிசம்பர் 18, திங்கள். கல்லூரியில் தேர்வு மேற்பார்வை. விசாரணைக்குப் போகவில்லை. என் மனைவி போனாள்.

டிசம்பர் 24. நான்காம் ஞாயிறு. கிராம ஜெபக்கூடத்தில் பிற்பகல் ஆராதனை. லூக்கா ஒன்று. சகரியா.

மேலே உள்ளவை என் பழைய நாட்குறிப்பிலிருந்து அப்படியே எடுத்தெழுதப்பட்டவை. எதையும் சேர்க்கவில்லை, நீக்கவும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்திய ஆகமன காலத்தின் நான்கு ஞாயிறுகளுக்கும் நான்கு தியானங்கள் எழுதித் தருமாறு குருவானவர் எங்கள் சபை இதழுக்காகக் கேட்டு ஆறு வாரங்கள் ஆகின்றன. கல்லூரி ஆசிரியனாக இருந்த காலம் தொட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இதைச் செய்து வருபவன் என்பதால் நான் மறுக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. ஆகஸ்டில் என் மனைவி இறந்தாள். அதன்பின் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் போவதற்கு இடம் இல்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்து நடந்து முதல் தியானத்தின் முதல் வரியை எழுதுவதும் அடிப்பதுமாக நாட்கள் போயின. பிறகு அலமாரியின் அடித்தட்டிலிருந்து அந்த ஆண்டின் நாட்குறிப்பை எடுத்தேன். தியானங்களுக்குப் பதிலாக இதைத்தான் என்னால் எழுத முடிகிறது.

அந்த ஆண்டு தஞ்சை மாவட்டத்தில் பெயர்கள் எழுதப்பட்டுக்கொண்டிருந்தன. எந்த நிலத்தை யார் குத்தகைக்கு உழுகிறார் என்பதை அரசு ஊர் ஊராக விசாரித்துப் பதிவேட்டில் ஏற்றியது. பெயர் ஏறிவிட்டால் உழுபவரை நினைத்தபோது வெளியேற்ற முடியாது. ஏறாவிட்டால், தலைமுறையாக உழுதிருந்தாலும், அந்த நிலத்தோடு அவருக்குச் சம்பந்தம் கிடையாது. டெல்டாவில் பெரும்பாலான குத்தகைகள் வாய்ச்சொல்லாகவே நடந்துவந்தவை. ஆகவே நிலத்துக்காரர் ஆமென்று சொல்வதிலும் இல்லையென்று சொல்வதிலும் ஒரு குடும்பத்தின் பிழைப்பு இருந்தது. ஆளும் கட்சி இரண்டாக உடைந்து இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை. டீக்கடைகளில் அதைப் பற்றிப் பேசினார்கள். வரப்புகளில் பதிவேட்டைப் பற்றிப் பேசினார்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், மாவட்டத்தின் கிழக்கே, கூலிச் சண்டையின் முடிவில், கிறிஸ்துமஸ் நாளின் இரவில், ஒரு குடிசைக்குள் ஒளிந்தவர்கள் எரித்துக் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்த நாளின் காலையில் நான் ஆலயத்தில் சமாதானப் பிரபுவைப் பற்றிப் பேசியிருந்தேன். செய்தி வந்த பிறகு, அடுத்த ஞாயிறும் அதே பொருளைத் தொடர்ந்தேன்.

எங்கள் தந்தையார் இறந்தபோது நிலம் அண்ணனுக்கும் எனக்கும் பாகமாயிற்று. என் பங்கான ஆறு மா என்பது இரண்டு ஏக்கர். அதை அவர் காலத்திலிருந்தே ஒரு குடும்பம் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தது. விதை அவர்களுடையது, மாடு அவர்களுடையது, விடியுமுன் மடை பார்க்கப் போகும் கால்களும் அவர்களுடையவை. அறுவடை முடிந்ததும் எங்கள் பங்கு நெல் வண்டியில் வரும். அந்தக் குடும்பத்தின் தலைவர் எங்கள் மதத்தவர். எங்கள் சாதியினர் அல்லர். பண்டிகைக்குத் தஞ்சாவூர் ஆலயத்துக்கு வந்தால் அவர்கள் பின்புறம் பாயில் உட்காருவார்கள். பெஞ்சுகள் எங்களுக்குரியவை என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அண்ணன் அவரை ‘நீ’ என்பார். நான் ‘நீங்கள்’ என்பேன். அந்த வித்தியாசத்தை ஒரு நற்கிரியை என்றே நான் மனத்துக்குள் வைத்திருந்தேன்.

நோட்டீஸோடு வந்த அன்று அவர் வாசற்படியில் நின்றார். என் மனைவி காப்பி கொண்டுவந்து, அவர் உள்ளே வந்து நாற்காலியில் உட்காரும் வரை தம்ளரைக் கொடுக்கவில்லை.

“பதினெட்டாந் தேதி சாவடியில விசாரணைங்க. தாசில்தாரு வர்றாரு. வெவசாயச் சங்கத்துக்காரங்க ரெண்டு சாட்சி கொண்டாந்து நிறுத்துறேங்குறாங்க” என்றார்.

“நீங்க என்ன சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“எங்க ஐயாவே வருவாங்க, அவங்க வாயால ஒரு வார்த்த சொன்னாப் போதும், எனக்குக் கொடி எதுக்குன்னேன். சிரிக்கிறானுவ. ‘ஒங்க ஐயா பிரசங்கத்துல எருசலேம் வரைக்கும் போவாரு, பஸ் ஏறி பாபநாசம் வரமாட்டாரு’ங்குறான் ஒருத்தன்.”

அவரும் சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை. “போவீங்கல்ல?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“போறேன்” என்றேன். அவரிடம், “சங்கத்துக்காரங்க வேண்டாம். இதைக் கட்சி விவகாரமா ஆக்க வேண்டாம். கொஞ்சம் பொறுமையா இருங்க” என்றும் சொன்னேன்.

“பொறுமைக்கு என்னங்கய்யா? நாத்து விட்டுட்டு கதிரு வர்ற வரைக்கும் வேற என்ன செய்யிறோம்?” என்று எழுந்தார்.

என் சொல்லை நம்பி அவர் அந்த இரண்டு சாட்சிகளையும் வேண்டாமென்று திருப்பி அனுப்பினார். இனி எழுதப்போவது அனைத்தும் இந்த ஒரு வாக்கியத்தின்மேல் நிற்கிறது.

முதல் ஞாயிறு நான் பேசியது பள்ளங்கள் உயர்த்தப்பட்டு மலைகள் தாழ்த்தப்படும் பகுதியைப் பற்றி. அரசன் வருமுன் பாதை சமன் செய்யும் பண்டைய வழக்கத்தை விளக்கினேன். பாபிலோனைப் பற்றிச் சொன்னேன். எங்கள் மாவட்டத்தில் மலை கிடையாது என்பதையோ, இங்கே ஒரு சாண் மேடு போதும், தண்ணீர் முதலில் யாருக்கு, கடைசியில் யாருக்கு என்பதைத் தீர்மானித்துவிடும் என்பதையோ சொல்லவில்லை. இரண்டாம் ஞாயிறு யோவான் ஸ்நானன். மக்கள் அவனிடம் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். அவன் சொல்பவை மிகச் சிறிய செயல்கள். சூரியன் மறைவதற்குள் செய்து முடித்துவிடலாம். இரண்டு சட்டை இருந்தால் ஒன்றைக் கொடு. கணக்குக்கு மேல் வாங்காதே. அந்தப் பதில்களில் ஆழம் போதாது என்பதுபோல் ஒரு குறிப்பு என் கையெழுத்தில் இருக்கிறது. அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது.

சனிக்கிழமை அண்ணன் வந்தார்.

“திங்கக்கெழம போறியாமே, தம்பி?”

“யார் சொன்னது?”

“ஊரே சொல்லுது. ஐயா வர்றாரு, ஐயா வர்றாருன்னு அவன் தண்டோரா போடாத கொறைதான். போயி என்ன சொல்லப் போற?”

“உள்ளதைச் சொல்லப் போறேன், அண்ணே.”

“உள்ளது எனக்கும் தெரியும்டா. நீ எழுதிக் குடுத்துட்டு காலேஜுக்குப் போயிடுவ. ஒட்டுனாப்புல கெடக்குற என் நெலத்துக்கு மறுநாளே மனு வரும். ஒனக்கு நல்ல பேரு. வரப்பு, வம்பு எல்லாம் எனக்கு.”

“இப்ப என்ன செய்யச் சொல்றீங்க?”

“ஒண்ணும் செய்யாத. அதத்தான் கேக்குறேன். நீ பிரசங்கம் பண்றவன், ஒன்னயப் போயி பொய் சொல்லச் சொல்லுவனா? சும்மா இரு, போதும்.”

தட்டில் முறுக்கு வைத்துக்கொண்டிருந்த என் மனைவி, “பொய்ய நீங்களே சொல்லிக்குவீங்க, அப்படித்தானே அத்தான்?” என்றாள்.

அண்ணன் முறுக்கை ஒடித்தபடியே, “இவள வக்கீலுக்குப் படிக்க வெச்சிருக்கணும்டா. நம்ம குடும்பத்துக்குச் செலவு மிச்சமாயிருக்கும்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

திங்கட்கிழமை எனக்குத் தேர்வு மேற்பார்வை இருந்தது. வேறொருவரோடு மாற்றிக்கொள்ள ஒரு வார்த்தை போதும். மாற்றிக்கொள்ளக்கூடியவர் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் இரண்டாம் பெஞ்சில் இருந்தார். அன்று நான் மரியாளின் பாட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். பலவான்கள் ஆசனங்களிலிருந்து தள்ளப்படுவதையும் தாழ்ந்தோர் உயர்த்தப்படுவதையும், பிறக்காத பிள்ளையைச் சுமந்திருப்பவள் ஏற்கெனவே நடந்து முடிந்ததாகப் பாடுவதேன் என்று கிரேக்க மூலத்தைக் கொண்டு விளக்கினேன். ஆராதனை முடிந்து இரண்டாம் பெஞ்சுக்காரர் வந்து கைகுலுக்கி, மிக நன்றாக இருந்தது என்றார். நன்றி சொன்னேன். வேறொன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு என் மனைவி புறப்பட்டுத் தயாராக நின்றாள்.

“என்னங்க, கெளம்பலையா?”

“இன்னைக்கு மேற்பார்வை இருக்கு.”

அவள் குடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டாள்.

சாவடியில் நடந்ததை அன்று மாலை ஒரே ஒருமுறை சொன்னாள். நான் கேட்ட மற்ற எந்த நாளிலும் சொல்லவில்லை. தாசில்தார் நல்ல மாதிரியான மனிதராம். அண்ணனும் ஊர் நிலக்கணக்கு எழுதும் கர்ணமும் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

“நெலத்துக்காரர் எங்கம்மா?” என்று தாசில்தார் கேட்டிருக்கிறார்.

“அவருக்கு வேலை இருக்கு. பதிலா நான் வந்திருக்கேன். இவருதாங்க குத்தகைக்குச் சாகுபடி பண்றாரு. நான் கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து பாக்குறேன்.”

“பட்டா ஒங்க பேர்ல இருக்கா?”

“இல்லைங்க.”

“அவர் ஏதாச்சும் எழுதிக் குடுத்திருக்காரா?”

“இல்லைங்க.”

“அவன் கூலிக்கு வேலை செய்யிற ஆளுங்க” என்றிருக்கிறார் அண்ணன். “வீட்டுப் பொம்பளைக்கு வயக்காட்டு சமாச்சாரம் என்ன தெரியும்?”

வேறு சாட்சி உண்டா என்று தாசில்தார் கேட்க, “ஐயா வருவாங்கன்னு இருக்கேனுங்க” என்று அவர் சொன்னாராம். தாசில்தார் அந்தக் காகிதக் கட்டைக் கடைசிக்குத் தள்ளி வைத்தார். பதினொரு மணி பஸ், ஒன்றரை மணி பஸ், மூன்று மணி பஸ். ரோட்டில் ஒவ்வொரு பஸ் சத்தம் கேட்கும்போதும் அவர் எழுந்து சாவடியின் ஓரத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான்கு மணிக்கு அவருடைய மனு தள்ளுபடி ஆனது. கூலியாள் என்று எழுதப்பட்டது.

ஆகமனம் என்றால் வருகை. வருகிறவரைக் குறித்தும் காத்திருப்பவர்களைக் குறித்தும் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பேசியிருக்கிறேன். வருவதாகச் சொல்லிவிட்டு வராமற்போனவனைக் குறித்துப் பேசியதில்லை. வேதாகமத்தில் அவனுக்கு இடம் உண்டு. திராட்சத் தோட்டத்துக்குப் போகிறேன் ஐயா என்று தகப்பனிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போகாத மகன் அவன். அந்தப் பகுதி ஆகமன கால வாசிப்புகளில் இல்லை என்பது எனக்கு வசதியாக இருந்தது.

ஆறு நாள் கழித்து, நான்காம் ஞாயிறு, அவருடைய ஊர் ஜெபக்கூடத்தில் பிரசங்கிக்கும் முறை எனக்கு வந்தது. முறை நவம்பரிலேயே எழுதப்பட்டது; மாற்றக் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். பஸ்ஸிலிருந்து இறங்கி வரப்பு வழியாக நடந்தேன். சம்பா கதிர் விட்டிருந்தது. ஜெபக்கூட வாசலில் செருப்பைக் கழற்றும்போது, தண்ணீர்க் குடத்தோடு நின்ற ஒரு பெண், பக்கத்தில் இருந்தவளிடம், எனக்குக் கேட்கும்படியாகவே, “இன்னைக்கு பஸ்ஸு ஓடுதுபோல. திங்கக்கெழமதான் ஓடல” என்றாள். பக்கத்தில் இருந்தவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அங்கே மணி அடிப்பதும் வேதபாடம் வாசிப்பதும் அவருடைய பொறுப்பு. அன்றும் அடித்தார், அன்றும் வாசித்தார். சகரியாவின் பகுதி. தூதன் சொன்னதை நம்பாத ஆசாரியன் ஊமையாகிறான். பிள்ளை பிறந்து பெயரிடும் நாளில், உறவினர் எல்லோரும் வேறொரு பெயரைச் சொல்லும்போது, அவன் எழுத்துப் பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி, சரியான பெயரை எழுதிக் காட்டுகிறான். உடனே அவன் நாவு திறக்கிறது. விரல் வைத்து, சொல் சொல்லாக, பிழையில்லாமல் அவர் வாசித்தார். நான் எழுந்து நின்றேன். பேச முடியாதவன் எழுதினான். எழுதாதவன் பேசப் போகிறான் என்பது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் விளங்கியிருந்தது. பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டேன். என்ன சொன்னேன் என்பது நினைவில் இல்லை.

ஆராதனைக்குப் பிறகு அவர் என்னோடு ரோடு வரை வந்தார். திங்கட்கிழமையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“அப்பீலு போடலாமுங்குறாங்கய்யா. முப்பது நாளு இருக்காம். ஐயா ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, நான் எடுத்துட்டுப் போயிடுவேன். நீங்க வரவேண்டியதில்ல.”

அதைவிட எளிதாக ஒருவர் கேட்க முடியாது. என் சட்டைப் பையில் பேனா இருந்தது.

“பண்டிகை முடியட்டும்” என்றேன்.

“முடியட்டுங்க” என்றார். சற்று தூரம் நடந்த பிறகு, “பண்டிகை வருஷா வருஷம் முடியத்தான் செய்யுது” என்றார். பஸ் வந்ததும் கைகாட்டி நிறுத்தி என்னை ஏற்றிவிட்டார்.

பண்டிகை முடிந்தது. பொங்கலும் முடிந்தது. முப்பது நாளும் முடிந்தது. சம்பா அறுத்த பிறகு அண்ணனுடைய ஏர்கள் என் ஆறு மாவில் இறங்கின. அந்தக் குடும்பம் பூதலூர்ப் பக்கம் ரயில் பாதை வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். விசாரிக்கவில்லை.

என் மனைவி என்னைக் குற்றம் சொல்லவில்லை. வீட்டில் எதுவும் மாறவில்லை. ஆனால் அந்த டிசம்பருக்குப் பிறகு, நான் பிரசங்கிக்கும் எந்த ஆராதனைக்கும் அவள் வரவில்லை. விடியற்கால ஆராதனைக்குத் தனியாகப் போய் வந்துவிடுவாள். எனக்குக் காப்பி போட்டு வைத்திருப்பாள். சபையில் யாராவது கேட்டால், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்பாள். வாழ்நாளின் கடைசி வரை அவளுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை.

இந்த ஆண்டு செப்டம்பரில், என் மனைவி இறந்த முப்பதாம் நாள் ஜெபத்துக்கு, எனக்குத் தெரியாத ஒரு பெண்மணி வந்திருந்தார். எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்திருந்தார். குடவாசலில் பள்ளித் தலைமையாசிரியை என்றார். பிறகு தன் தகப்பனார் யார் என்று சொன்னார்.

“அம்மா வருஷா வருஷம் டிசம்பர் பதினெட்டாம் தேதி எங்க வீட்டுக்கு வருவாங்க, சார். எங்க இருந்தாலும் விசாரிச்சு வந்துடுவாங்க.”

கும்பகோணத்தில் தங்கையைப் பார்க்கப் போவதாக என் மனைவி சொல்லிக்கொண்டு போன நாள் அது. நான் பஸ் ஏற்றிவிட்டிருக்கிறேன்.

“நீங்க அனுப்பித்தான் வர்றாங்கன்னு எங்க அப்பா சாகுற வரைக்கும் நம்பிக்கிட்டிருந்தாரு. ‘ஐயாவுக்கு மனசு கேக்கல, பாரு’ன்னு சொல்லுவாரு. அம்மா மறுத்ததில்ல.”

“நீங்களும் நம்பினீங்களா?” என்று கேட்டேன்.

“எனக்குத் தெரியும், சார்” என்றார்.

நிலத்தைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன். அது இன்னும் என் பெயரிலேயே இருக்கிறது. அண்ணன் இறந்த பின் அவர் மகன் பார்த்துக்கொள்கிறார். தலைமையாசிரியை கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

“அது அப்புறம். அந்தக் காகிதத்தோட நகல் எங்கிட்ட இருக்கு. அதுல எங்க அப்பாவக் கூலியாள்னு எழுதியிருக்கு. அவரு கூலியாள் இல்ல, குத்தகைக்குச் சாகுபடி பண்ணவருன்னு நீங்க உங்க கையால எழுதிக் குடுங்க. எனக்கு அதுதான் வேணும். கோர்ட்டுக்குப் போக இல்ல, சார். வீட்ல வைக்க.”

“தர்றேன்” என்றேன்.

“எப்ப?” என்றார். அந்தக் குடும்பத்தில் அப்படி என்னைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

நான் சுவர் நாட்காட்டியைப் பார்த்தேன். அவர், “சரி சார், உடம்பப் பாத்துக்குங்க” என்று எழுந்து போனார்.

அது நடந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. வாக்குமூலத்தை எழுத உட்காரும்போதெல்லாம் முன்னுரை வருகிறது, சூழ்நிலை வருகிறது, அக்காலத்து நிலவுடைமை பற்றிய ஒரு பத்தி வருகிறது. எழுந்து நடக்கிறேன். வேண்டியது ஒரே வரி. அதை இங்கே எழுதுகிறேன்: பாபநாசத்துக்கு அப்பால் உள்ள என் ஆறு மா நிலத்தை அவர் குத்தகைக்குச் சாகுபடி செய்தார், அவர் கூலியாள் அல்லர், இதைச் சொல்ல வருவதாக வாக்களித்து நான் போகவில்லை. ஆனால் சபை இதழில் இதுபோன்ற செய்தியோடு எவர் பெயரும் வரலாகாது என்பது விதி. பெயர் இல்லாத வாக்குமூலத்தை எந்த வீட்டிலும் வைக்க முடியாது. ஆகவே இது எழுதப்பட்டும் எழுதப்படாமலே இருக்கிறது. நான்கு தியானங்களை எதிர்பார்த்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை.

செய்யாமல் இருப்பவை:

வாக்குமூலத்தை, குத்தகைக்குச் சாகுபடி செய்தவருடைய முழுப் பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண்ணோடு முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திடுவது.

அதைத் தபாலில் அனுப்பாமல் நேரில் குடவாசலுக்குக் கொண்டுபோவது. பதினெட்டாம் தேதிக்கு முன்.

அண்ணன் மகனிடம் சொல்வது.

நிலத்தைப் பற்றி அந்தத் தலைமையாசிரியையிடம் கேட்பது. அவர் என்ன சொன்னாலும் குறுக்கே பேசாதிருப்பது.

என் மனைவியின் கல்லறைக் கல்லுக்கு ஒரு வசனம். இன்னும் தெரிவு செய்யவில்லை.